லாரியின் முன் அச்சும் கன்னியம்மாவின் கையும்

பணிமனையில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள், தொழிற்சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: சர்வீசில் பார்த்த மிகக் கடினமான வேலை. இப்போதெல்லாம் வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிய ஒரு ஒயரைச் செருகினால் போதும், திரையில் எழுத்தாக வந்துவிடுகிறது. எழுத்து வராத காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்க நினைத்தது. இரண்டு நாள் யோசித்தேன். முப்பத்து நான்கு வருஷத்தில் அப்படி ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் வழக்கமான வேலைதான். கடினமான வேலை ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து வந்தது. அதுவும் என் வீட்டு வாசலில், கதவுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடி இடத்தில். அதையே எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழவேற்காட்டுக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தேன். கடலுக்குப் போனால் வாந்தி வரும். எங்கள் நைனா மூன்று முறை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, நான்காம் முறை பொன்னேரியில் ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து பணிமனை. முதல் ஆறு வருஷம் கிரீஸ் துடைத்தேன், அடுத்த ஆறு வருஷம் பிரேக், பிறகு அச்சும் கியரும். அவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மேன் பரந்தாமன் சாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு நிறம் போட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. பணிமனையில் வெள்ளைச் சட்டை போட்டு மாலை வரை வெள்ளையாகவே திரும்பிப் போகிறவர் அவர் ஒருவர்தான். கருவியைத் தொட மாட்டார். கோளாறுள்ள வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடப்பார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைக்கச் சொல்லி, கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காது மட்டும்தான் வேலை செய்யும். பிறகு சுத்தமாகவே இருக்கும் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்புவார். நாம் ஏதாவது சொன்னால் குரல் உயர்த்தாமல் ஒரே கேள்வி: “எதை வெச்சுச் சொல்றே?” அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் பாதிப் பொய்களைச் சொல்லாமல் விட்டோம். கோளாறையும் வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டை எழுதாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடமாட்டார். கழற்றிய நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடி பூட்டிவிட்டு மறுபடி கழற்றச் சொல்வார்.

எங்கள் குப்பத்தில் படகுகளைக் கரை ஏற்ற ஒரு பழைய லாரி உண்டு. ராணுவம் கழித்துப் போட்டது, நான்கு சக்கரமும் இழுக்கும். மணலில் டிராக்டர் புதைந்துவிடும், இது புதையாது. ஓட்டுவது தேசப்பன், படகுக்காரர்கள் குழுவின் தலைவர். அன்று காலை மீன்வளத் துறை ஆட்டோ மைக்கில் சொல்லிக்கொண்டு போனது: புயல் வருகிறது, நாளை விடிவதற்குள் படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். இருபத்திரண்டு ஃபைபர் படகு, எல்லாம் இன்ஜினோடு. நான்கு படகு ஏற்றுவதற்குள் லாரியின் முன்னால் ஏதோ கரகரவென்று சத்தம் வந்திருக்கிறது. உடைந்த பிறகு வண்டியை விட்டுவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேசப்பன் சத்தத்தை எனக்குக் கேட்கவைக்க வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்தார்.

சந்தில் வலை காயப் போட்டிருந்தார்கள். வலைமேல் ஏற்றக் கூடாது என்று ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து என் வீட்டு வாசலில் சக்கரத்தை ஏற்றினார். சாக்கடைமேல் போட்ட கல்லில் வலது முன் சக்கரம் ஏறும்போது பட்டென்று ஒரு சத்தம். பானை உடைந்ததென்று என் மனைவி லோகம்மா உள்ளிருந்து ஓடி வந்தாள். வாசலில் வெளிச்சம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே லாரியின் முகம் நின்றது. அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். “இதுங்கூட வூட்டுக்குள்ளதான் வரணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

முன் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் போகும். குழாய்க்குள் சக்கரத்தைச் சுழற்றும் கம்பி, அதை ஷாஃப்ட் என்போம். வலது ஷாஃப்ட் உடைந்திருந்தது. உடைந்ததோடு விடாமல், சக்கரத்துக்கருகே உள்ள மூட்டும் நொறுங்கி மாட்டிக்கொண்டு, சக்கரம் திரும்பவும் இல்லை, உருளவும் இல்லை. லாரியை நகர்த்தவும் வழியில்லை, எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவும் வழியில்லை. பம்பரின் கீழே குனிந்துதான் வர வேண்டும்.

இந்த மாதிரி லாரியை நான் இளமையில் இரண்டு தடவைதான் பிரித்திருக்கிறேன். ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று பரந்தாமன் சாருக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது, பொன்னேரியில் மகள் வீட்டில் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, எதையும் தொடாதே என்று வைத்துவிட்டார். ஒன்றேகால் மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. கக்கத்தில் ஜாப் கார்டு புத்தகம்.

லாரியை இரண்டு முறை சுற்றி வர முடியவில்லை, ஒரு பக்கம் சுவர். அதனால் ஒரே பக்கத்தில் நான்கு முறை நடந்தார். பிறகு பம்பருக்குக் கீழே குனிந்து உள்ளே போய், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, வாடிக்கையாளர் யார் என்று கேட்டார். தேசப்பன் கையைத் தூக்கினார். என்ன புகார் என்று கேட்டார். அச்சு உடைந்துவிட்டது என்றார் தேசப்பன். அது புகார் இல்லை, அது நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியது. வண்டி ஓட்டும்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்பதுதான் புகார் என்றார் சார்.

தேசப்பன் என்னைப் பார்த்தார். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் படகு அலைவாயில் கிடந்தது.

“பேஜாராக் கீது சார்” என்றார்.

சார் அதை அப்படியே எழுதினார். வாடிக்கையாளர் புகார்: பேஜார். அடுத்து, பணியிடத்தின் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். வீடு லோகம்மா பெயரில் இருந்ததால் அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, பொறுப்பாளர் என்கிற முறையில் எல்லோரும் செருப்பை வெளியே விட வேண்டும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு நடந்த வேலை முழுக்க வெறுங்காலோடுதான் நடந்தது.

வண்டியின் சாவியைச் சார் வாங்கித் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டார். பின் சக்கரங்களுக்கு நான்கு பக்கமும் கல் வைக்கச் சொன்னார். கீழே மணல் என்பதால் ஜாக்கி இறங்கும், எனவே எங்கள் வீட்டு அம்மிக்கல் ஜாக்கிக்கு அடியில் போனது. அச்சைத் தாங்கப் படகுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள் வந்தன. நட்டுகளை வைக்கச் சுத்தமான, வரிசையான இடம் வேண்டுமென்றார். லோகம்மா சமையலறையைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் இட்லித் தட்டு வந்தது. ஒரு குழிக்கு ஒரு நட்டு. சார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் பணிமனையில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டார். அவர் வாயிலிருந்து பாராட்டு மாதிரி ஒன்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் இட்லித் தட்டுக்கு.

சக்கரம், டிரம், ஹப், பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். நொறுங்கிய மூட்டோடு ஷாஃப்டின் வெளித்துண்டு கையோடு வந்துவிட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் உள்துண்டு, ஒரு சாண் நீளம், குழாயின் மறுகோடியில் பெட்டியின் பல்லுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. டார்ச் அடித்தால் தெரிந்தது. காந்தம் கட்டி விட்டேன், காந்தம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. கம்பியில் சுருக்குப் போட்டுப் பார்த்தேன், நழுவியது. பெட்டியைப் பிரித்தால் வந்துவிடும். பிரிக்க ஒரு நாள் வேண்டும்.

“கையால எடுக்கணும்” என்றார் சார்.

என் கை மணிக்கட்டோடு நின்றது. தேசப்பனின் கை விரல் முட்டியோடு நின்றது. குழாயின் வாயைச் சார் அளந்து பார்த்தார். லோகம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அது ரெண்டே கால் இன்ச் வளையல் அளவு என்றாள். சோதிக்கத் தன் பழைய வளையல் ஒன்றை எடுத்து வந்து வாயில் பொருத்திக் காட்டினாள். சரியாக உட்கார்ந்தது. அந்த வளையல் யார் கைக்கு லேசாக ஏறுகிறதோ அவர் கை குழாய்க்குள்ளும் போகும். அரை மணி நேரத்தில் லாரிக்குப் பின்பக்கம் பெண்கள் வரிசை. வளையல் ஏறியவர்களுக்குத் தோள் பருமன். தோள் ஒல்லியானவர்களுக்கு வளையல் ஏறவில்லை. இரண்டும் சரியாக இருந்த ஒருத்தி டார்ச் வெளிச்சத்தில் குழாயைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சார் எல்லோருடைய பெயரையும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதி, நேரே காரணமும் எழுதினார்.

கன்னியம்மா அந்த வரிசைக்கு வந்தவள் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊர்க்காரி. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். லோகம்மாவுக்கு வாடிக்கையாக இறால் கொண்டுவருவாள். புயல் வந்தால் நான்கு நாள் தொழில் இல்லை என்று அன்று கொஞ்சம் முன்னதாக வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். எலும்பும் நரம்புமான கை. வரிசை எதற்கு என்று கேட்டாள். சொன்னார்கள். வளையலைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். முழங்கையைத் தாண்டி ஏறிப் போனது.

“உள்ள இன்னா கீது?” என்று கேட்டாள்.

உடைந்த இரும்பு என்றேன்.

“ஓடுமா?”

ஓடாது என்றேன்.

“அப்புறம் இன்னா. எறா ஓடும், நண்டு கடிக்கும். இது சும்மாதானே கெடக்குது.”

சார் அவளுக்கு ஒரு அட்டை எழுதினார். எங்கள் வீட்டில் கிடைத்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில், ‘ஆள் உள்ளே கை வைத்திருக்கிறார், தொடாதே’ என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டச் சொன்னார். அவள் குழாய்ப் பக்கம் சாய்ந்து, கண்ணை மூடிக் கையை விட்டாள். உடனே வெளியே எடுத்தாள். கை வேலை செய்யவில்லை என்றாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஏரியில் அவர்கள் இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் துழாவுவார்கள். வாயில் பறி இல்லாமல் அவளுக்கு விரலில் உணர்வு வரவில்லை. வெளியே வைத்திருந்த பறியை எடுத்து வந்து, மிச்சமிருந்த இறாலோடு, பல்லில் கடித்துக்கொண்டாள். இந்த முறை கை தோள் வரை போனது.

பறியைக் கடித்தால் பேச முடியாது. எனவே ஒரு முனகல் என்றால் நிறுத்து, இரண்டு முனகல் என்றால் திருப்பு என்று சார் ஏற்பாடு செய்தார். வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டிக்குள் போகும் நீளத் தண்டை நான் கையால் திருப்ப வேண்டும். ஒரு விரற்கடை திருப்பினால் அவள் விரல் இருக்கும் இடத்தில் பல் அரை நூல், ஒரு அரிசி தடிமன், நகரும். அதிகம் திருப்பினால் விரல் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே போகும். எல்லாம் தெரிந்துதான் அவள் கையை விட்டிருந்தாள். நான் கை எண்ணெயைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தண்டைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தேசப்பன் வண்டிமேல் ஏறினார். டேஷ்போர்டில் மறந்து வைத்த போனை எடுக்க ஏறியிருக்கிறார். ஒரு காலை உள்ளே வைத்ததும் வண்டி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மிக்கல் மணலில் ஒரு சத்தம் போட்டது. கன்னியம்மா ஒரு முறை முனகினாள்.

சார் குரலை உயர்த்தவில்லை. “தேசப்பா, இறங்காதே. ஏறவும் ஏறாதே” என்றார்.

தேசப்பன் அப்படியே நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில், இரண்டு கையும் கதவைப் பிடித்தபடி. போன் எட்டாத தூரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கரையிலிருந்து பதினெட்டுப் படகுக்காரர்களும் மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய போனில் பக்திப் பாட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் முதல் அடி முழுக்க வரும், இரண்டாம் அடியில் நின்றுவிடும். முக்கால் மணி நேரம் அந்த முதல் அடியையே கேட்டோம்.

இரண்டு முனகல், திருப்பினேன். ஒரு முனகல், நிறுத்தினேன். எத்தனை முறை என்று தெரியாது. திடீரென்று அவள் மூச்சு மாறியது. துண்டு பல்லிலிருந்து கழன்று அவள் கைக்குள் வந்துவிட்டது. ஆனால் இரும்பைப் பிடித்த முஷ்டி குழாயைவிடப் பெரிது. கை வெளியே வரவில்லை. விட்டுவிட்டுக் கையை எடு என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். விட்டால் அது பெட்டிக்குள் உருண்டு விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. தோள் வீங்க ஆரம்பித்தது. கை குழாயின் விளிம்பில் அழுந்திச் சிவந்தது. லோகம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தோளிலிருந்து ஊற்றினாள். எண்ணெய் உள்ளே இறங்க அவள் தோளை யாராவது மட்டமாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நான் வண்டிக்கு அடியில் தண்டைப் பிடித்திருந்தேன். தேசப்பன் கதவில்.

பரந்தாமன் சார் எழுந்தார். கைக்குட்டையை மடித்து நாற்காலியில் வைத்தார். வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, கியர் எண்ணெய் வழிந்த அச்சுக்கு அடியில் தலையை நுழைத்து, அவள் தோளுக்குக் கீழே தன் இரண்டு கையையும் கொடுத்தார். என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் அவர் முகம். கண்ணாடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. “அவசரமில்லம்மா” என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

உயிருள்ள நண்டைக் கொடுக்கில் படாமல் பிடிப்பதற்கு ஒரு பிடி உண்டாம், பிறகு அவளே சொன்னாள். உள்ளங்கையில் இருந்ததை அங்குலம் அங்குலமாக நகர்த்தி இரண்டு விரல் இடுக்கில் கொண்டுவந்து, கையைத் தட்டையாக்கி இழுத்தாள். கை வந்தது. விரல் இடுக்கில் கறுப்பாக ஒரு சாண் இரும்பு. ரத்தம் கொஞ்சம் இருந்தது. இரும்பைப் பழக்கத்தில் பறிக்குள் போட்டுவிட்டு, பறியை வாயிலிருந்து எடுத்தாள். “சோக்காதான் ஒளிஞ்சினு இருந்துச்சு” என்றாள்.

தேசப்பனைக் கீழே இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கால் மரத்துப் போயிருந்தது.

புது ஷாஃப்ட் எங்கே என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. வண்டி வாங்கியபோது கூடவே வந்த உதிரி ஒன்று, மூட்டோடு சேர்த்து, தேசப்பன் வீட்டில் இருந்தது. பூஜை அறையில். ஆயுத பூஜைக்கு வைத்தது அப்படியே தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்து வந்திருக்கிறார்கள். அவர் மனைவி அதைத் தர மறுத்தார். சாமியை எப்படி லாரிக்குள் விடுவது என்று கேட்டார். தேசப்பன் கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு கையால் ஏந்திக்கொண்டு வந்தார். கூடவே பத்துப் பேர். கடலோரத்தில் துளித் துரு இல்லாத அத்தனை பழைய இரும்பை நான் பார்த்ததில்லை. குங்குமத்தோடேயே பூட்டினேன்.

நட்டுகள் இட்லித் தட்டிலிருந்து வரிசையாக ஏறின. ஒன்றும் மிஞ்சவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சார் சாவியைக் கொடுத்தார். லாரி பின்னால் நகர்ந்தபோது என் வீட்டுத் தகரக் கூரையின் ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டு போனது. இருட்டுவதற்குள் பதினெட்டுப் படகும் மேட்டில் இருந்தன.

சார் ஜாப் கார்டை முடித்து என்னிடம் காட்டினார். மெக்கானிக் என்ற இடத்தில் கன்னியம்மா என்று எழுதியிருந்தார். உதவியாளர்: ஏழுமலை. இருபது வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். மெக்கானிக் இடத்தில் என் பெயர் ஏன் இல்லை என்று மனசு ஒரு மாதிரி ஆனது. கேட்டேன். “எதை வெச்சுக் கேக்கறே?” என்றார். சட்டை முழுக்க எண்ணெய். கையெழுத்துப் போட்டேன்.

புயல் எங்கள் பக்கம் வரவில்லை. ஆந்திராவுக்கு ஒதுங்கிவிட்டது, ஒரு தூறல்கூட இல்லை. காலையில் நல்ல வெயில். இதற்காகவா என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கரைக்குப் போனோம். கரையில் முப்பது அடியைக் காணோம். அலை ஏறி அறுத்துக்கொண்டு போயிருந்தது. படகுகள் நேற்று கிடந்த இடத்தில் கடல் நின்றது. பிறகு தேசப்பன், படகை மறுபடி இறக்க வேண்டுமே என்றார்.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் பெரிய வண்டிகள் வைத்திருக்கும் ஒரு காண்டிராக்டர் ஆளனுப்பினார். கிரேன் ஒன்றின் கியர் பெட்டிக்குள் போல்ட் விழுந்துவிட்டதாம். பிரித்தால் ஒரு வாரமாம். “கை விட்டு எடுக்கிற அம்மா யாரோ உங்க ஊர்ப் பக்கம் இருக்காங்களாமே” என்று விசாரித்திருக்கிறார். நானும் கன்னியம்மாவும் ஷேர் ஆட்டோவில் போனோம். துறைமுகம் வேண்டாம் என்று கன்னியம்மாவின் ஊர்ப் பெண்கள் முன்பு கொடி பிடித்து உட்கார்ந்திருந்த சாலை அது. அந்த இடம் வந்ததும் அவள் எட்டிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பறியைச் சரிசெய்துகொண்டாள்.

யார்டு கேட்டில் காவலாளி நோட்டை நீட்டி என் பெயரைக் கேட்டார். நான் அவளைக் காட்டினேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பெயரை எழுதிக்கொண்டு, என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“கைவேலைன்னு எழுதுப்பா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நான் பின்னால் போனேன்.